வலது பெருங்குடல், ஆண், 58

மாலை ஐந்தரைக்கு வந்தது பனிக்கட்டிப் பெட்டி.
செகெட் நகரம், அறுவை அரங்கு இரண்டு.
சீட்டில் பெயர் இல்லை.
புற்றிலிருந்து ஆறு விரற்கடை தள்ளி
நல்ல சதையாய் ஒரு துண்டு,
தபால்தலை அளவு.

போக்லார்க்கா கழுவுகிறாள், கத்தரிக்கிறாள்,
நொதியில் ஊறவைத்து உதிர்க்கிறாள்.
நூறு செல்லில் ஒன்று தேறினால் அதிகம்.
உடம்பின் செரட்டோனினில் பெரும்பங்கு
மூளையில் இல்லை,
அந்த ஒன்றுகளிடம்தான் இருக்கிறது,
பொட்டலம் பொட்டலமாய்,
வாசலோரம் அடுக்கி.

வெளியே திஸா ஆறு ஏறிக்கொண்டிருக்கிறது.
கரையிலிருந்து ஷோம்போர் கூப்பிடுகிறான்:
எட்டு மீட்டர் பன்னிரண்டு.
ஒன்பதைத் தொட்டால் மதகைத் திறப்போம்,
கோதுமை வயல் முழுக்கத் தண்ணீர்தான்.
டப்பாவில் ரொட்டி வைத்திருக்கிறேன், சாப்பிடு.

அவள் சாப்பிடவில்லை.
கண்ணாடிக் குழலின் முனையைச் செல்லில் பொருத்தி
மறுமுனை ரப்பரை உதட்டில் கவ்வி
உறிஞ்சுகிறாள்,
சூடான தேநீரை நுனிநாக்கில் சோதிப்பாரே, அவ்வளவுதான்.
ஒட்டிக்கொண்டது.
மைனஸ் அறுபது மில்லிவோல்ட்.
திரையில் ஒரு கோடு,
ஒன்றுமே நடக்காத ஊரின் கோடு.
பக்கத்தில் முடியினும் மெலிந்த கரியிழை,
செரட்டோனின் பட்டால் துள்ளுவதற்காக.

இன்னொரு கண்ணாடி முனையால் அழுத்துகிறாள்.
உள்ளே ஏதோ உருண்டு போகிறதென்று
செல்லிடம் ஒரு பொய்.
சவ்வு இழுபடுகிறது, வாயில் திறக்கிறது,
சோடியம் முண்டியடித்து உள்ளே.
கோடு நிமிர்கிறது.
அந்த நிமிர்வுக்காகவே காத்து நின்ற அடுத்த வாயில்கள்
ஒவ்வொன்றாய், பிறகு மொத்தமாய்.
கால்சியம்.
பொட்டலங்கள் ஓரத்தில் ஒட்டி வாய்பிளக்க,
கரியிழை துள்ளியது.
ஒன்று. இரண்டு. அப்புறம் ஒரு குலை.

கால்சியம் இல்லாத நீரை ஓடவிட்டு
மறுபடி அழுத்தினாள்.
சோடியம் வந்தது. கோடு எழுந்தது.
கரியிழை சும்மா இருந்தது,
கூப்பிட வாயெடுத்துப்
பெயர் மறந்தவள் மாதிரி.

உன் மதகும் என் செல்லும் ஒன்றுதான் என்றாள் போனில்.
போடி, என்றான்.
என் மதகுக்கு நாலு ஆள் வேண்டும், ஒரு டப்பா கிரீஸ்,
புடாபெஸ்ட்டிலிருந்து கையெழுத்து.
திறந்தால் ஒருவனுடைய கோதுமை போகும்,
திறக்காவிட்டால் ஒரு தெரு போகும்.
உன்னுடையது யாரைக் கேட்டுத் திறக்கிறது?

யாரையும் கேட்பதில்லை.
ஆயிரத்தில் ஒரு நொடி, துரு இல்லை, ஆணை இல்லை.
அதைச் சொல்லுமுன் அவனே சொன்னான்: எட்டு எழுபத்தொன்று.
அவள் வயிற்றில் புளியைக் கரைத்தது.
கரைக்கும் இடத்தைச்
சரியாகத்தான் சொல்லிவைத்திருக்கிறார்கள்.

இரண்டு மணிக்கு டப்பாவைத் திறந்தாள்.
ரொட்டி, பன்றி இறைச்சி, மேலே
துருவிய குதிரைமுள்ளங்கி, தாராளமாய்.
மூக்கு வரை ஏறிக் கண்ணில் நீர் முட்டியது.
இந்தக் காரத்துக்கென்றே வேறொரு வாயில் உண்டு,
போன மாதம் முழுக்க அதைத்தான் அளந்தாள்.
மென்றபடி யோசித்தாள்:
என்னுடையவை இப்போது திறக்கின்றன,
குழல் இல்லாமல், திரை இல்லாமல்,
குறிப்பெடுக்க யாரும் இல்லாமல்.

மூன்று இருபதுக்குச் செல் செத்தது.
கோடு பூஜ்யத்துக்குச் சரிந்தது.
பதினேழு பதிவு, அதில் பயன்படுவது ஒன்பது.
எழுதி வைத்தாள்.

ஆறு எட்டு எண்பத்தெட்டில் நின்றது.
இறங்கவில்லை. நின்றது.
கிரீஸ் தடவிய கைகளோடு
நாலு பேர் இன்னும் கரையில்.

இரண்டு மாடிக்குக் கீழே
பெயரில்லாத ஐம்பத்தெட்டு விழித்துக் கிடந்தார்.
செவிலி எமேஷே அவர் வயிற்றில் குழல் வைத்து
நெடுநேரம் கேட்டாள்.
வெட்டித் தைத்த குடல் மௌனமாய்த்தான் கிடக்கும்,
அது வாய்திறக்கும் வரை
தண்ணீர்கூட ஒரு மிடறுக்கு மேல் கிடையாது.

காற்று போனதா, ஐயா?
அவர் வெட்கப்பட்டார். இல்லை என்றார்.
பிறகு,
விடியும் வேளையில், போர்வைக்கடியில்,
ஊரில் யாரும் அளக்காத ஒரு சின்ன இரைச்சல்.